கடைசிப் பெட்டியின் கொக்கி

நோன்பு வருவதற்கு முன்னால் வீட்டை ஒதுக்கிச் சுத்தம் செய்வது எங்கள் வழக்கம். எங்கள் வழக்கம் என்று சொல்லிக்கொள்கிறேனே தவிர, ஒதுக்குவது என் வீட்டுக்காரி. நான் அவள் ஏறி நிற்கும் ஸ்டூலைப் பிடித்துக்கொள்வேன். முழங்கால் தகராறு செய்ய ஆரம்பித்த பிறகு எனக்குக் கொடுத்திருக்கும் பதவி அதுதான். இந்த வருஷம் பரணிலிருந்து அக்காவின் கோரைப்பாய் இறங்கியது. பாய் நன்றாகத்தான் இருந்தது. சுற்றிலும் ஓரத்தில் வைத்துத் தைத்திருந்த நீலத் துணிதான் நைந்து போயிருந்தது.

"வேற துணி வச்சித் தைச்சா தொழுவறதுக்கு ஆவும். சும்மாதான குந்தியிருக்கீங்க, பழைய தையலப் பிரிங்க" என்று கத்தரிக்கோலைக் கையில் கொடுத்துவிட்டு அவள் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

பிரித்துக்கொண்டே வந்தேன். மூன்றாவது மூலையில், துணி மடிப்புக்குள் ஏதோ விரலில் நெருடியது. கடுகு என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால் ஸ்பிரிங். குறுணை அரிசியில் பாதி இருக்கும். வெண்கல நிறம். அதன் உள்ளே நீல நூல் ஓடி, இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டிருந்தது. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். என் வயசுக்காரன் பட்டப்பகலில் உட்கார்ந்த இடத்தில் அழுதால் வீட்டில் டாக்டரைக் கூப்பிட்டுவிடுவார்கள். அதனால் வெயிலைப் பார்ப்பவன்போல் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த ஸ்பிரிங் ஒரு பொம்மை ரயில் பெட்டியின் கொக்கிக்குள் போக வேண்டியது. போகாமல் போனது. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வருகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன், நேராகச் சொல்ல வராது. அங்கே இங்கே போய்த்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா என்றால் என் கூடப் பிறந்த ஒரே அக்கா, ஹபீபா. மச்சான் அவளுடைய வீட்டுக்காரர். கடலூர் முதுநகரில், ஸ்டேஷனில் மணி அடித்தால் கேட்கிற தூரத்தில் அவர்கள் வீடு. எங்கள் அப்பா அம்மா போன பிறகு நானும் அங்கேதான் இருந்தேன். மச்சானுக்குச் சரக்குக் கப்பலில் சமையல் வேலை. முப்பது பேருக்கு மூன்று வேளை. வெளிநாட்டுப் பிழைப்புக்குப் போவதை எங்கள் ஜனங்கள் சபர் என்பார்கள். சபர் போய் வருகிறவர்கள் சென்ட், டார்ச் லைட், ஜப்பான் சேலை என்று கொண்டு வருவார்கள். மச்சானும் கொண்டு வருவார். கூடவே, ஒவ்வொரு தடவையும் ஒரு பொம்மை ரயில் பெட்டி. ஒன்றே ஒன்று, உள்ளங்கை நீளத்துக்கு.

முதலில் வந்தது இஞ்சினும், வட்டமாகப் பூட்டுகிற தண்டவாளமும். அக்கா அப்போது உண்டாகியிருந்தாள். அந்தப் பிள்ளை தங்கவில்லை. கடிதம் போய் மச்சானுக்குச் செய்தி சேருவதற்குள் அவர் இஞ்சினை வாங்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டிருந்தார். கடலிலா எறிய முடியும், கொண்டுவந்தார். அடுத்த சபரில் ஒரு சரக்குப் பெட்டி. "இஞ்சின் தனியா நிக்கிது, பாக்க ஒரு மாதிரியா இருக்கு" என்று மட்டும் சொன்னார். பிறகு பிள்ளை உண்டாகவில்லை. பெட்டிகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. அக்கா ஒவ்வொன்றையும் வாங்கி, கண்ணாடி அலமாரியில் பீங்கான் தட்டுகளுக்குப் பின்னால் வைத்துவிடுவாள். ஒன்றைக்கூட முன்னால் வைத்து நான் பார்த்ததில்லை.

வாங்குகிற விஷயத்தில் மச்சான் விவரமானவர். சட்டைப் பையில் ஒரு தண்டவாளத் துண்டு எப்போதும் இருக்கும். எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் பொம்மைக் கடைக்குப் போய் அதை மேசைமேல் வைப்பார், பெட்டியை எடுத்து அதன்மேல் நிறுத்திப் பார்ப்பார். சக்கரம் உட்கார்ந்தால் வாங்குவார், உட்காரவில்லையென்றால் சலாம் சொல்லிவிட்டு வந்துவிடுவார். பாஷை தெரியாத ஊரில் அந்தத் துண்டுதான் அவருக்கு வாய்.

கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் கழித்து, போதும் என்று ஊரோடு வந்து சேர்ந்தார். அந்தப் பதினைந்து வருஷத்தில் இரண்டு பேரும் சேர்ந்து இருந்த நாளைக் கூட்டினால் இரண்டு வருஷம் தேறாது. வந்தவர் நல்ல மனுஷர், நல்ல தொழுகையாளி. ஆனால் வீட்டில் எப்படி இருப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. விடிவதற்கு முன்னால் எழுந்து அடுப்பு மூட்டுவார். மூன்று பேருக்குச் சோறு வடிக்கத் தெரியாது. அவர் ஆக்கினால் தெருவுக்கே கொடுத்துவிட வேண்டியிருக்கும். கப்பல் ஆடும்போது பாத்திரம் விழாமலிருக்க அங்கே அலமாரி விளிம்பில் சட்டம் அடித்திருப்பார்களாம். நம் வீட்டு அலமாரிக்கும் நாலு விரல் உயரத்துக்குச் சட்டம் அடித்துவிட்டார். அதற்குப் பிறகு அக்காவால் ஒரு தட்டை நேராக எடுக்க முடியவில்லை, தூக்கித் தூக்கித்தான் எடுக்க வேண்டும்.

"வீடு ஆடாதுங்க" என்றாள் அக்கா.

"ஒரு பழக்கந்தான்" என்றார் மச்சான்.

"பழக்கம் ஒங்களுக்கு. கை வலி எனக்கு."

சண்டை என்று சொல்ல முடியாது. சண்டை போடுமளவுக்குக்கூட அவர்களுக்குள் பழக்கம் இல்லை. ஒரு நாள் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, அவுங்கள அடுப்பங்கரைலேந்து வெளில இழுத்துட்டுப் போயிடு. ஒனக்கு நன்மை கெடைக்கும்" என்றாள். எனக்குத் தோன்றிய ஒரே வழி ரயில். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட்டு எழுந்ததும், "மச்சான், அந்த ரயில ஓட்டித்தான் பாப்பமே" என்றேன்.

இதே பாயைத்தான் கூடத்தில் விரித்தோம். தண்டவாளத்தை வட்டமாகப் பூட்டினோம். ரேடியோவுக்கு பேட்டரிக்குப் பதிலாக வைத்திருந்த எலிமினேட்டரிலிருந்து இரண்டு ஒயரை இழுத்துக் கொடுத்தோம். இஞ்சின் பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு சுற்றுச் சுற்றியது. மச்சான் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஒன்பது பெட்டியும் தண்டவாளத்தில் அழகாக உட்கார்ந்தன. கோத்து இழுக்கலாம் என்று பார்த்தால், ஒன்றோடு ஒன்று மாட்டவில்லை.

ஒவ்வொன்றும் ஒவ்வொரு தேசம். ஐந்து பெட்டிக்கு வளையம் போன்ற கொக்கி. இரண்டுக்குத் தூண்டில் முள் மாதிரித் தட்டையாக ஒன்று. கடைசியாக வந்த இரண்டுக்கு விரலை மடக்கின கை மாதிரிக் குட்டி இரும்பு. மச்சான் பையிலிருந்த தண்டவாளத் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு சொன்னார். "தண்டவாளத்துல நிக்கிதான்னு பாத்தேன் மாப்ள. ஒண்ணோட ஒண்ணு சேருமான்னு ஒரு நாளும் பாக்கல."

அடுப்பங்கரையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றதை நான் பார்த்தேன்.

எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி கொக்கி போட்டுவிடுவது என்று முடிவானது. எது என்பதில்தான் பேச்சு. "வளையந்தான் ஜாஸ்தி இருக்கு, மிச்சம் நாலுக்கும் அதையே போட்டா வேல கம்மி" என்றார் மச்சான். "வளையம் போட்டா நடுவுல ரெண்டு விரக்கடை எடவெளி வருது மச்சான். கோவிச்சிக்கிட்டுத் தள்ளித் தள்ளி நிக்கிற மாதிரி இருக்கு" என்றேன் நான். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "அந்த ரெண்டையும் காட்டு" என்றாள். மடக்கின கை போன்ற கொக்கி உள்ள இரண்டு பெட்டியையும் தண்டவாளத்தில் வைத்து மெல்லத் தள்ளினாள். டிக் என்று ஒரு சத்தம். இழுத்துப் பார்த்தாள், விடவில்லை. தன் இரண்டு கை விரல்களையும் மடக்கி ஒன்றோடொன்று கோத்துப் பார்த்தாள்.

"இந்த மாதிரில்ல இருக்கு. போட்டா இதப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் பூண்டுக்குத் திரும்பிவிட்டாள்.

மச்சான் குரலைத் தாழ்த்தி, "பாத்தியா மாப்ள, மொத தடவையா தொட்டிருக்கா" என்றார்.

அந்தக் கொக்கி இங்கே எங்கே கிடைக்கும். பரங்கிப்பேட்டை காசிம் பாய் என்று மச்சானின் பழைய கப்பல் சிநேகிதர், அப்போதும் சபரில் இருந்தார். அவருக்குக் கடிதம் எழுதினோம். நான் கொக்கியைப் பெரிதாக வரைந்து கொடுத்தேன். கோழிக்கால் மாதிரி வந்திருந்தது. ஆனாலும் அல்லாஹ் காசிம் பாய்க்குப் புரிய வைத்தான்.

நான் அப்போது சிதம்பரம் மேல வீதியில் ஒரு கண்ணாடிக் கடையில் ஃப்ரேம் பூட்டும் வேலையில் இருந்தேன். தினமும் பாசஞ்சரில் போய் வருவேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி, பரங்கிப்பேட்டை வரும்போது உப்பங்கழி வாடை உள்ளே ஏறும். கிள்ளை தாண்டினால் தூரத்தில் கோபுரம் தெரியும். என் முதலாளி திருநீறு இல்லாமல் கடை திறக்க மாட்டார். அந்த மனுஷர்தான், "ஒனக்கு வெள்ளிக்கிழம தொழுவணும், எனக்கு ஞாயித்துக்கிழம தூங்கணும், ஆளுக்கொரு நாள் லீவு" என்று பிரித்துக் கொடுத்தவர். அவருக்காக இன்றைக்கும் துஆ கேட்கிறேன்.

கொக்கி வருகிறவரை எனக்கு வேறு எதிலும் கண் போகவில்லை. முதுநகர் ஸ்டேஷனில் வண்டி பூட்டுகிற வீராசாமி அண்ணனிடம் போய் நின்றேன். இரண்டு பெட்டிக்கு நடுவில் குனிந்து கொக்கி மாட்டுவது அவர் வேலை. "எல்லாப் பெட்டியும் எப்பிடிண்ணே சரியா மாட்டுது?" என்று கேட்டேன்.

"எங்க சரியா மாட்டுது? காலிப் பெட்டி தூக்கிக்கிட்டு நிக்கும், லோடு ஏத்துனது தொங்கிக்கிட்டு நிக்கும். ரெண்டு மூக்கும் ஒரே ஒசரத்துக்கு வரலன்னா இடிச்சிக்கும், மாட்டாது. நீ ஏன் கேக்கற, ரயிலு வாங்கப் போறியா?"

"வாங்கியாச்சுண்ணே. ஒம்பது பெட்டி."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். வண்டி கிளம்பும் நேரம். கடைசிப் பெட்டியின் பின்னால் சிவப்பு விளக்கை மாட்டிவிட்டு வந்து, "அப்ப இதையும் ஒண்ணு வாங்கி மாட்டிக்க. இது இருந்தாத்தான் வண்டி முழுசா வந்து சேந்துடுச்சின்னு அர்த்தம். இல்லன்னா பாதி வண்டிய எங்கயோ விட்டுட்டு வந்துட்டான்னு ஸ்டேஷன் மாஸ்டர் அலறிடுவாரு" என்றார். என்னைக் கேலி செய்வதற்காகச் சொன்னதுதான். நான் அதை வீட்டில் வந்து சாப்பிடும்போது ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். மச்சான் சிரித்தார். அக்கா மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதம் கழித்துக் காசிம் பாய் லீவில் வந்தார். நேரே எங்கள் வீட்டுக்கு வந்து கொக்கிப் பொட்டலத்தைக் கொடுத்தார். கூடவே இன்னொன்றும் கொண்டு வந்திருந்தார்.

"பம்பாய் ஏஜென்ட் ஒங்களத்தான் கேட்டாரு பாய். பழைய கப்பலு, பழைய கேப்டன். இப்ப இருக்கறவன் ஆக்குறத வாயில வைக்க முடியலயாம். இந்த மாசக் கடைசில ஏறணும். ஒங்களுக்கு எடம் வச்சிருக்காங்க."

அக்கா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். காசிம் பாயிடம், "சீனி போதுமா காக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் போன பிறகு மச்சான் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடியே பேசினார். "ஒரே ஒரு சபர். கடைசில ஒரு எண்ணெ டேங்கர் பெட்டி இருந்தா ரயிலு முழுசாயிடும். பத்துப் பெட்டி. வாங்கிட்டு வந்துடறேன்."

"ஒங்க இஷ்டம்" என்றாள் அக்கா.

ஒவ்வொரு தடவை அவர் கிளம்பும்போதும் அவள் சொன்னது இந்த இரண்டு வார்த்தைதான். அன்று சாயங்காலம் கொல்லையில் துணி எடுக்கும்போது என்னிடம் சொன்னாள். "போவாதீங்கன்னு ஒரு தடவகூட சொன்னதில்ல தம்பி. வாய் வரல. இங்க இருங்கன்னு சொன்னா, எதுக்குன்னு கேட்டா என்னா சொல்லுவேன்? எனக்குப் புள்ள இல்ல, அவுங்களுக்கு இங்க வேல இல்ல." துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். நான் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் கிளம்புவதற்குள் எங்களுக்கு மூன்று வெள்ளிக்கிழமை இருந்தது.

முதல் வெள்ளி என் பெருமை முழுவதும் போன நாள். நான் கண்ணாடிக் கடைக்காரன், என் கையில் சின்னத் திருப்புளி இருக்கிறது, இதெல்லாம் எனக்கு ஒரு வேலையா என்று உட்கார்ந்தேன். பழைய கொக்கியை அறுத்து எடுக்க வேண்டும். பெட்டியின் அடியில் துளை போட வேண்டும். புதுக் கொக்கி ஒரு குட்டி டப்பிக்குள் உட்கார்ந்து இடமும் வலமும் அசையும், அந்த டப்பியைத் திருகாணி போட்டு இறுக்க வேண்டும். திருகாணிக்கு நான் கடையிலிருந்து கேட்டு வாங்கி வந்த மூக்குக் கண்ணாடித் திருகாணியே பொருந்தியது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கொக்கி சுலபமாக அசையட்டும் என்று அக்காவின் தையல் மெஷின் எண்ணெயை ஆளுக்கு ஒரு சொட்டு விட்டேன் பாருங்கள், அங்கேதான் கெட்டது. பாயின் தூசி, பஞ்சு எல்லாம் வந்து ஒட்டிக்கொண்டு, மாலைக்குள் விரல் மடங்காமல் விறைத்துப்போனது. எல்லாவற்றையும் கழற்றித் துடைத்துவிட்டு, பென்சில் முனையைச் சுரண்டி அந்தக் கரித்தூளைப் போட்டோம். அப்புறம் வழுக்கிக்கொண்டு ஓடியது. பென்சில் சீவுகிற வாசனை வந்தால் மற்றவர்களுக்குப் பள்ளிக்கூடம் ஞாபகம் வரும். பள்ளிக்கூடம் என்னை அவ்வளவாக விரும்பவில்லை. எனக்கு அந்தக் கூடமும் மச்சானின் கறுத்த விரல்களும்தான் ஞாபகம் வரும்.

உயரம் பார்ப்பது அடுத்த பாடு. வீராசாமி அண்ணன் சொன்னது எவ்வளவு உண்மை. ஒரு பெட்டி ஜெர்மனி உயரம், ஒரு பெட்டி ஜப்பான் உயரம். ஒரு தீப்பெட்டியில் கோடு கிழித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் அதன் பக்கத்தில் நிறுத்தி, தாழ்ந்த கொக்கியைத் தூக்க சக்கரக் கட்டுக்கு மேல் அட்டைத் துண்டு வைத்தோம். தூக்கலாக நின்றதை இறக்கக் கொக்கி டப்பிக்கும் பெட்டிக்கும் நடுவில் வைத்தோம். மச்சான் கண்ணைத் தரைமட்டத்துக்கு இறக்கிக் கன்னத்தைப் பாயில் வைத்துப் பார்ப்பார். முப்பது பேருக்கு உப்புப் பார்த்த மனுஷர் ஒரு அட்டைத் துண்டுக்காக அப்படிக் குனிந்து கிடப்பார்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம் ஸ்பிரிங். கொக்கியின் மடங்கிய விரல் திறந்துகொள்ளாமல் பிடித்திருப்பது அதுதான். அது இல்லையென்றால் கொக்கி வெறும் இரும்பு. இடுக்கியால் பிடித்தால் டக் என்று பறந்துவிடும். பொட்டலத்தில் தேவைக்கு மேல் மூன்றே மூன்று இருந்தது. முதல் வெள்ளியே மூன்றும் போயிற்று. ஒன்று ஜன்னல் வழியாகத் தெருவுக்கு. ஒன்று எங்கே என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். இன்னொன்று மச்சானின் தாடிக்குள் போயிருக்கும் என்று நான் தேடப் போய்த் திட்டு வாங்கினேன்.

இரண்டாவது வெள்ளி அக்கா பாயின் ஓரத்துக்கு நீலத் துணி வைத்துத் தைக்க உட்கார்ந்தாள். நாங்கள் நடுவில், அவள் மூலையில். கொஞ்ச நேரம் நாங்கள் படுகிற பாட்டைப் பார்த்தாள்.

"ரெண்டு ஆம்பளைங்க, ஒரு ஸ்பிரிங்கு. குடு இப்பிடி" என்று வாங்கினாள். ஊசியில் இருந்த நீல நூலை ஸ்பிரிங்குக்குள் ஓட்டி, நூலின் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து என்னிடம் நீட்டினாள். "இப்ப எங்க பறக்குதுன்னு பாப்போம். மாட்டிட்டு நூல உருவிக்க."

பறக்கவில்லை. நழுவினாலும் நூலிலேயே தொங்கியது. மச்சான் ஊசியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "கப்பல்ல இஞ்சினீரு இருக்காரு, அவருக்குக்கூட இது தோணாது" என்றார். அக்கா அடுத்த ஸ்பிரிங்குக்குக் கையை நீட்டினாள். அதற்குப் பிறகு அந்தப் பாயிலிருந்து எழுந்து போகவேயில்லை. நூல் கோத்துக் கொடுப்பாள், நான் மாட்டுவேன், மச்சான் தீப்பெட்டி வைத்து உயரம் பார்ப்பார். கை நீட்டினால் கைக்கு வரும். பேச்சும் கூடவே வந்தது. எந்தத் துறைமுகத்தில் எந்தப் பெட்டி வாங்கினேன் என்று மச்சான் சொல்ல, அன்றைக்கு இங்கே என்ன நடந்தது என்று அவள் சொல்வாள். சாம்பல் நிறப் பெட்டி வாங்கிய வருஷம்தான் கிணறு இடிந்து விழுந்தது. பச்சைப் பெட்டி வருஷம் எனக்கு அம்மை போட்டது. இதெல்லாம் அவர் அதுவரை கேட்டதே இல்லை. கடிதத்தில் இடம் ஏது.

மூன்றாவது வெள்ளி. ஞாயிற்றுக்கிழமை அவர் கிளம்ப வேண்டும். தகரப் பெட்டியைத் துடைத்துக் கூடத்தின் ஓரத்தில் வைத்தாகிவிட்டது. இஞ்சினும் எட்டுப் பெட்டியும் முடிந்து, ஒன்பதாவதன் முன் கொக்கியும் முடிந்து, கடைசியாக அதன் பின் கொக்கி ஒன்றுதான் பாக்கி. பொட்டலத்தில் ஒரே ஒரு ஸ்பிரிங். அக்கா அதை எடுத்துப் பாயின் மூலைக்குப் போனாள். பாயின் தையலும் அந்த மூலையோடு முடிகிறது. நான் திருகாணி தேடிக்கொண்டிருந்தேன், மச்சான் தீப்பெட்டியோடு குனிந்திருந்தார். "குடுக்கா" என்று கையை நீட்டினேன். அவள் கையில் ஊசி மட்டும் இருந்தது.

"பறந்துடுச்சா?" என்றார் மச்சான்.

"தேடிப் பாருங்க" என்றாள் அக்கா.

தேடினோம். மூன்று பேரும் முழங்காலில் நின்று, பாய் முழுக்க உள்ளங்கையால் தடவித் தடவி. மச்சான் விளக்குமாற்றை எடுத்துவந்து பெருக்கினார். நான் டார்ச் அடித்தேன். அக்காவும் அவரும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து தரையைப் பார்த்துக்கொண்டே வந்து, தலையோடு தலை நன்றாக மோதிக்கொண்டார்கள். மச்சான் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "ஒசரம் சரியாத்தான் இருக்கு" என்றார். அக்கா சிரித்துவிட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, நிறுத்த முடியாமல் சிரித்தாள். அவரும் சிரித்தார். அந்த வீட்டில் அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

சிரிப்பு அடங்கியதும் மச்சான் அந்தப் பெட்டியைக் கையில் எடுத்தார். விரல் மடங்காமல் கொக்கி தொளதொள என்று தொங்கியது. "இதுக்கு மேல எதையும் மாட்ட முடியாது" என்றார்.

"கடைசிப் பெட்டிக்குப் பின்னால என்னாத்துக்குங்க கொக்கி" என்றாள் அக்கா.

"டேங்கரு வந்தா..."

"டேங்கரு வர வேணாம்." தையல் கூடையைக் கிளறிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "நீங்களும் போவ வேணாம்."

கூடையிலிருந்து ஒரு சிவப்புத் துணிக் கிழிசலை எடுத்து, நகம் அளவு நறுக்கி, தொங்கிய கொக்கியில் நூலால் கட்டினாள். "தம்பி அன்னிக்குச் சொன்னான்ல. இது இருந்தா வண்டி முழுசா வந்துடுச்சின்னு அர்த்தமாம்."

மச்சான் பெட்டியை வாங்கித் தண்டவாளத்தில் கடைசியாக வைத்து மெல்லத் தள்ளினார். டிக், டிக், டிக் என்று ஒன்பதும் ஒவ்வொன்றாகக் கை கோத்துக்கொண்டன. எலிமினேட்டரைத் திருகினார். ஒன்பது தேசத்துப் பெட்டியும் ஒரே வண்டியாக, பின்னால் சிவப்புத் துணி ஆட, அக்காவின் கோரைப்பாயில் சுற்றியது. சாயங்காலம் அஸர் பாங்கு சொல்கிறவரை சுற்றியது. நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

மறுநாள் காலை நான் சிதம்பரத்துக்குக் கிளம்பும்போது அடுப்பங்கரையில் சுத்தியல் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மச்சான் அலமாரி விளிம்பில் அடித்திருந்த சட்டத்தை ஆணி ஆணியாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் நின்று பிடுங்கிய ஆணிகளைக் கையில் வாங்கிக்கொண்டிருந்தாள். நான் சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அவர் கடல் பக்கம் போனதெல்லாம் மீன் வாங்கத்தான். முப்பது பேருக்கு ஆக்கிப் பழகின கை வீணாகவில்லை. முதுநகரிலும் பரங்கிப்பேட்டையிலும் நிக்காஹ் வீடுகளில் அவர் நெய்ச்சோறு என்றால் ஆட்கள் கேட்டு வருவார்கள். என் நிக்காஹ்வுக்கும் அவர்தான். ஒரு தடவை காசிம் பாய் மறக்காமல் ஒரு பாக்கெட் ஸ்பிரிங் வாங்கிவந்து கொடுத்தார். மச்சான் நன்றி சொல்லி வாங்கி, அலமாரியின் மேல் தட்டில் வைத்தார். அவர் மவுத்தான பிறகு சாமான்களை ஒதுக்கும்போது பார்த்தேன், பிரிக்காமலே இருந்தது. அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போதுதான் யோசிக்கிறேன், அவருக்கு ஏதாவது தெரிந்திருக்குமோ என்று.

அவருக்குப் பின் அக்கா கடைசி வருஷங்களில் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். பாயைச் சுருட்டி அவளே சுமந்துகொண்டு வந்தாள். ரயிலை அங்கேயே, கட்டிலுக்கு அடியில், கோத்தது கோத்தபடி விட்டு வந்தாள். "கழட்டாத தம்பி" என்றாள். அவளும் போன பிறகு, ஒரு மழைக்காலத்தில் உப்பங்கழி பொங்கி அந்த வீட்டுக்குள் வெள்ளம் வந்தது. தண்ணீர் வடிந்து நான் போய்ப் பார்த்தபோது கட்டிலுக்கு அடியில் ஒரே சேறு. கையைவிட்டுத் துழாவி இஞ்சினைப் பிடித்து மெல்ல இழுத்தேன். பின்னாலேயே வரிசையாக வந்தன. இரண்டே இரண்டு மட்டும் பிடி விட்டிருந்தன. அவை முதல் வெள்ளி அன்று நான் தனியாக மாட்டியவை என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. மற்றதெல்லாம் அக்காவின் நூல் ஓடியவை. ஆனால் உப்புத் தண்ணீரில் ஊறி எல்லாமே துருவேறி இற்றுப் போயிருந்தது, காய வைத்ததும் கையோடு உதிர்ந்தது.

இந்தப் பாயைப் பிரித்த அன்று அந்த மூலையை மறுபடி மறுபடி பார்த்தேன். தவறி விழுந்து மாட்டிக்கொண்டதல்ல. இரண்டு பக்கம் முடிச்சு, மேலே நெருக்கமாக நாலு தையல். நாங்கள் முழங்கால் தேயத் தேடியபோதெல்லாம் அது அவள் தைத்த மூலையிலேயே இருந்திருக்கிறது. அக்கா பொய் பேசாதவள். அன்று என்ன சொன்னாள் என்று யோசித்துப் பார்த்தேன். பறந்துவிட்டது என்று அவள் சொல்லவேயில்லை. தேடிப் பாருங்கள் என்றுதான் சொன்னாள். பதினைந்து வருஷம் வாயில் வராத ஒரு வார்த்தையைச் சொல்ல அவளுக்கு இவ்வளவு பெரிய உதவி தேவைப்பட்டிருக்கிறது. அவளுக்கு அதைக் கொடுத்தவன் ரஹ்மானான அல்லாஹ். அவன் மன்னிக்கிறவன்.

"என்னாங்க, பிரிச்சாச்சா?" என்று வந்த என் வீட்டுக்காரியிடம் காட்டினேன். கதையைச் சொன்னேன். அவள் ஸ்பிரிங்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "ஒங்க அக்கா லேசுப்பட்ட ஆளில்ல" என்றாள். பிறகு நான் கேட்காமலே, புதுப் பச்சைத் துணியின் மடிப்பில் அதே மூலையில் அதை வைத்து, மேலே நெருக்கமாக நாலு தையல் போட்டாள்.

போன மாதம் சிதம்பரம் ஸ்டேஷனில் நின்றேன். பழைய பாசஞ்சரும் அது ஓடிய மீட்டர்கேஜ் தண்டவாளமும் போய் எவ்வளவோ வருஷமாகிவிட்டது. வீராசாமி அண்ணனும் இல்லை, பெட்டிகளுக்கு நடுவில் குனிந்து கொக்கியைத் தூக்கி மாட்டுகிற வேலையும் இல்லை. புது வண்டிகளின் பெட்டிகளுக்கு நடுவில் எட்டிப் பார்த்தால், மச்சானின் அதே கொக்கி, மடக்கின கை, யானைத் தலை அளவுக்கு. தள்ளினால் தானே கோத்துக்கொள்கிறது. வண்டி கிளம்பிப் போனபோது கடைசிப் பெட்டியின் பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன், எரிந்தது. அதைக் காட்டிச் சொல்ல வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் இல்லை. கூடத்தில் சுற்றிய ரயிலும் இல்லை. நாங்கள் மாட்டிய ஸ்பிரிங் ஒன்றுகூட இன்றைக்கு இல்லை. மாட்டாமல் விட்ட அந்த ஒன்றின் மேல்தான் நான் தினமும் தொழுகிறேன்.